இதயத்தின் மின்தொழிற்பாட்டைக் கணினியில் போலச்செய்தல்

விஞ்ஞானம், தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் ஆகிய இரு பாடங்களுக்குமான துணைக் கட்டுரை

அறிமுகம்

ஓய்வாக இருக்கும் ஒருவரது இதயம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 72 தடவை துடிக்கின்றது. அதன்படி ஒரு நாளில் 72 × 60 × 24 = 103 680 தடவை துடிக்கும். இத்துடிப்புகளை ஆரம்பிப்பதற்கு மூளையிலிருந்து கட்டளை வரவேண்டியதில்லை. இதயம் தனக்கு வேண்டிய மின்கணத்தாக்கத்தைத் தானே உற்பத்தி செய்துகொள்கின்றது. நரம்புகளும் ஓமோன்களும் செய்வது துடிப்பு வீதத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் மட்டுமே.

இம்மின்தொழிற்பாடு ஒழுங்காக நடைபெறும் வரையில் நாம் அதனை உணர்வதில்லை. அது குழம்பினால் சில நிமிடங்களில் உயிராபத்து ஏற்படலாம். புதிய மருந்தொன்று இதயத்தின் மின்தொழிற்பாட்டைக் குழப்புமா என்பதை எவ்வாறு முன்கூட்டியே அறிவது? உயிருள்ள மனிதனின் இதயத்தைக் குழப்பிப் பார்த்து அறிய முடியாது. இதற்கு விஞ்ஞானிகள் கண்ட வழிகளுள் ஒன்று, இதயத்தைக் கணினியினுள் எண்களாக அமைத்து அதனைத் துடிக்கச் செய்வதாகும். இதற்கெனத் தயாரிக்கப்பட்ட மென்பொருள்கள் பற்றியே இக்கட்டுரை விளக்குகின்றது.

1. மீட்டல்: மின்கணத்தாக்கம் செல்லும் பாதை

மனித இதயத்தில் இரு சோணையறைகளும் இரு இதயவறைகளும் உள்ளன என்பதை ஏற்கனவே கற்றுள்ளீர்கள். மின்கணத்தாக்கம் இவற்றினூடாகப் பின்வரும் ஒழுங்கில் பரவுகின்றது.

(அ) வலது சோணையறைச் சுவரில், மேற்பெருநாளம் திறக்கும் இடத்துக்கு அண்மையில் குடாச்சோணைக் கணு அமைந்துள்ளது. கணத்தாக்கம் இங்கு ஆரம்பிக்கின்றது.

(ஆ) அது இரு சோணையறைகளின் சுவர்களிலும் பரவ, அவை சுருங்குகின்றன.

(இ) பின்னர் அது சோணை இதயவறைக் கணுவை அடைகின்றது. இங்கு ஏறத்தாழ 0.1 செக்கன் தாமதம் ஏற்படுகின்றது. இத்தாமதம் குறைபாடன்று. சோணையறைகளிலுள்ள குருதி இதயவறைகளுக்குள் முற்றாகச் சென்று சேர்வதற்கு இக்கால இடைவெளி அவசியமாகும்.

(ஈ) அதன்பின் ஹிஸ்ஸின் கற்றையினூடாகவும் பர்க்கிஞ்சே நார்களினூடாகவும் விரைவாகச் சென்று, இதயவறைத் தசை முழுவதையும் அடைகின்றது. இதயவறைகள் ஏறத்தாழ ஒரே நேரத்தில் சுருங்குகின்றன.

இவ்வாறு பரவும் மின்மாற்றங்களை உடலின் மேற்பரப்பிலிருந்து பதிவுசெய்வதே மின்னிதய வரைபு ஆகும். நாம் பேச்சு வழக்கில் ஈ.சீ.ஜீ. என்பது இதனையே. இதனை விருத்தி செய்தமைக்காக நெதர்லாந்தைச் சேர்ந்த வில்லெம் ஐந்தோவன் 1924 ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார். வரைபிலுள்ள பீ அலை சோணையறைகளின் தூண்டலையும், கியூ.ஆர்.எஸ். தொகுதி இதயவறைகளின் தூண்டலையும், ரீ அலை இதயவறைகள் மீண்டும் ஓய்வு நிலைக்குத் திரும்புவதையும் காட்டுகின்றன.

2. தனிக் கலமொன்றில் நிகழ்வது யாது?

இதயத் தசைக் கலமொன்றின் மென்சவ்வுக்கு வெளியே சோடியம் அயன்களின் செறிவு அதிகமாகும். அது லீற்றருக்கு ஏறத்தாழ 140 மில்லிமூல் ஆகும். உள்ளே பொற்றாசியம் அயன்களின் செறிவு அதிகமாகும். இவ்வேறுபாட்டைச் சோடியம்–பொற்றாசியம் பம்பி சக்தியைச் செலவிட்டுப் பேணி வருகின்றது. மென்சவ்வில் அயன் கால்வாய்கள் எனப்படும் புரத மூலக்கூறுகள் உள்ளன. இவற்றைத் திறந்து மூடும் மிகச் சிறிய வாயில்களாகக் கருதலாம். ஒவ்வொரு வகைக் கால்வாயும் பெரும்பாலும் ஒரு வகை அயனையே செல்லவிடும்.

ஓய்வு நிலையில் சில பொற்றாசியக் கால்வாய்கள் திறந்திருப்பதால் நேரேற்றமுடைய பொற்றாசியம் அயன்கள் சிறிதளவு வெளியேறுகின்றன. இதனால் கலத்தின் உட்புறம் வெளிப்புறத்தைவிட மறையாகக் காணப்படும். இதயவறைக் கலமொன்றில் இவ்வோய்வு அழுத்தம் ஏறத்தாழ −85 மில்லிவோல்ற்று ஆகும். அயற்கலத்திலிருந்து தூண்டல் வந்ததும் பின்வரும் மூன்று கட்டங்கள் நிகழ்கின்றன.

கட்டம் 1: சோடியம் கால்வாய்கள் திறக்க, சோடியம் அயன்கள் விரைந்து உட்புகும். ஓரிரு மில்லிசெக்கன்களில் அழுத்தம் பூச்சியத்தைத் தாண்டி நேர்ப் பெறுமானத்தை அடையும். பின் சோடியம் கால்வாய்கள் தாமாக மூடிக்கொள்ளும்.

கட்டம் 2: கல்சியம் அயன்கள் உட்புகும், பொற்றாசியம் அயன்கள் வெளியேறும். இவையிரண்டும் ஏறத்தாழச் சமப்படுவதால் அழுத்தம் சிறிது நேரம் பெரிதாக மாறாது நிற்கும். உட்புகும் கல்சியமே தசை சுருங்குவதை ஆரம்பித்து வைக்கின்றது.

கட்டம் 3: கல்சியம் கால்வாய்கள் மூட, பொற்றாசியம் வெளியேறுவது மேலோங்கும். அழுத்தம் மீண்டும் −85 மில்லிவோல்ற்றை அடையும்.

இம்முழு மாற்றமும் தாக்க அழுத்தம் எனப்படும். நரம்பில் இது ஓரிரு மில்லிசெக்கன்களில் முடிந்துவிடும். இதயவறைக் கலத்தில் ஏறத்தாழ 300 மில்லிசெக்கன் நீடிக்கும். இக்காலத்தின் பெரும்பகுதியில் அக்கலத்தை மீண்டும் தூண்ட முடியாது. இது மீளத் தூண்டமுடியாக் காலம் ஆகும். பின்வரும் பகுதிகளில் இது முக்கியத்துவம் பெறுவதால் இதனை நன்கு மனத்திற் பதித்துக்கொள்க.

3. கணினி ஏன் தேவைப்பட்டது?

கால்வாய்கள் திறப்பதும் மூடுவதும் மென்சவ்வின் அழுத்தத்திலே தங்கியுள்ளன. அதேவேளை மென்சவ்வின் அழுத்தமோ எந்தக் கால்வாய்கள் திறந்துள்ளன என்பதில் தங்கியுள்ளது. ஒன்று மற்றையதை மாற்ற, மாறிய மற்றையது முதலாவதை மீண்டும் மாற்றுகின்றது. இத்தகைய தொகுதியைச் சாதாரண சமன்பாடு போன்று ஒரே தடவையில் தீர்த்து விடை காண முடியாது. நேரத்தை மிகச் சிறிய துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் கணித்துக் கணித்தே முன்செல்ல வேண்டும்.

இம்முறையில் முதலில் வெற்றி கண்டவர்கள் இங்கிலாந்தின் அலன் ஹொட்ஜ்கின், அன்ட்ரூ ஹக்ஸ்லி ஆகியோராவர். இவர்கள் கணவாயின் தடித்த நரம்புநாரில் அயன் மின்னோட்டங்களை அளந்து, 1952 ஆம் ஆண்டில் அவற்றுக்கான சமன்பாடுகளை வெளியிட்டனர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி அப்போது திருத்தியமைக்கப்பட்டுக் கொண்டிருந்தமையால் ஹக்ஸ்லி கையாற் சுழற்றும் பொறிமுறைக் கணிப்பானைக் கொண்டே கணித்தார். சில மில்லிசெக்கன்களில் நிகழும் ஒரு நரம்புக் கணத்தாக்கத்தைக் கணிப்பதற்கு அவருக்கு வாரக்கணக்கில் காலம் சென்றது. இவ்விருவரும் 1963 ஆம் ஆண்டில் ஜோன் எக்கிள்ஸுடன் இணைந்து நோபல் பரிசைப் பெற்றனர்.

இதயக் கலத்துக்கு இம்முறையை முதலில் பயன்படுத்தியவர் டெனிஸ் நோபிள் ஆவார். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஆய்வு மாணவராக இருந்த அவர், பெரான்ரி மேர்க்குரி எனும் கணினியைப் பயன்படுத்தினார். பலரும் அக்கணினிக்காகக் காத்திருந்தமையால் அவருக்குக் கிடைத்த நேரம் அதிகாலை 2 மணி முதல் 4 மணி வரையாகும். அவரது முடிவு 1960 ஆம் ஆண்டில் வெளியானது. அச்செய்நிரலில் “துடிக்கவும்” என்ற கட்டளை எங்கும் இருக்கவில்லை. அயன்கள் பற்றிய விதிகள் மட்டுமே இருந்தன. ஆயினும் செய்நிரல் ஓடியபோது தாளம் தவறாத துடிப்பு தானாகத் தோன்றியது. இதயத் துடிப்பு தனியொரு பாகத்தினால் உண்டாவதன்று, பல எளிய விதிகள் ஒன்றாகத் தொழிற்படுவதால் உண்டாவதே என்பதை இது எடுத்துக்காட்டியது.

4. மாதிரியுருவும் போலச்செய்தலும்

இவ்விரு சொற்களையும் மாணவர் பலர் மாறி எழுதுவதுண்டு.

மாதிரியுரு என்பது உண்மையான தொகுதியொன்றின் முக்கிய இயல்புகளைச் சமன்பாடுகளாகவும் எண்களாகவும் எழுதிய வடிவமாகும்.

போலச்செய்தல் என்பது அம்மாதிரியுருவைக் கணினியில் இயக்கி, நேரத்துடன் அது எவ்வாறு மாறுகின்றது எனப் பார்த்தலாகும்.

ஹொட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் எழுதிய சமன்பாடுகள் மாதிரியுரு ஆகும். அவற்றை இயக்கி வாரக்கணக்கில் கணித்தமை போலச்செய்தலாகும்.

5. மென்பொருள் தொழிற்படும் விதம்

எந்தவொரு கணினிச் செய்நிரலிலும் உள்ளது போன்று இங்கும் உள்ளீடு, முறைவழி, வெளியீடு ஆகிய மூன்றும் உண்டு.

உள்ளீடு: அயன் செறிவுகள், கால்வாய்களின் எண்ணிக்கையும் இயல்புகளும், ஆரம்ப அழுத்தம், தூண்டல் கொடுக்கப்படும் நேரம்.

முறைவழி: ஒவ்வொரு சிறு நேரப் படியிலும் புதிய அழுத்தத்தைக் கணித்தல்.

வெளியீடு: நேரத்துக்கு எதிரான அழுத்த வரைபு, நிறங்களால் காட்டப்படும் மின் அலை, கணிக்கப்பட்ட மின்னிதய வரைபு.

முறைவழியை எளிய போலிக்குறிமுறையாகப் பின்வருமாறு எழுதலாம்.

தொடக்கம்
அழுத்தம் = −85
நேரம் = 0
நேரம் 800 இலும் சிறிதாக உள்ளவரை மீளச்செய்க
   நேரம் = 10 எனின், தூண்டல் மின்னோட்டத்தைக் கொடுக்க
   ஒவ்வொரு கால்வாயும் எவ்வளவு திறந்துள்ளது எனக் கணிக்க
   எல்லா அயன் மின்னோட்டங்களையும் கூட்டுக
   புதிய அழுத்தம் = பழைய அழுத்தம் + மாற்ற வீதம் × நேரப் படி
   நேரம் = நேரம் + நேரப் படி
   அழுத்தத்தை வரைபிற் குறிக்க
மீள்செயல் முடிவு
முடிவு

தொடர், தெரிவு, மீள்செயல் ஆகிய மூன்று கட்டுப்பாட்டுக் கட்டமைப்புகளும் இதில் இடம்பெறுவதை அவதானிக்க. இங்கு நேரம் மில்லிசெக்கனில் தரப்பட்டுள்ளது. நிமிடத்துக்கு 75 தடவை துடிக்கும் இதயத்தின் ஒரு துடிப்புக்கு 60 ÷ 75 = 0.8 செக்கன், அதாவது 800 மில்லிசெக்கன் செல்லும்.

உதாரணக் கணிப்பு

மென்சவ்வு மின்னேற்றத்தைச் சேமிக்கும் இயல்புடையது. அதன் கொள்ளளவம் ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 1 மைக்ரோபரட் ஆகும். கட்டம் 1 இன்போது ஒரு சதுர சென்ரிமீற்றரினூடாக 100 மைக்ரோஅம்பியர் மின்னோட்டம் உட்செல்கின்றது எனவும் நேரப் படி 0.01 மில்லிசெக்கன் எனவும் கொள்வோம்.

உட்சென்ற ஏற்றம் = மின்னோட்டம் × நேரம் = 100 × 10⁻⁶ × 0.01 × 10⁻³ = 10⁻⁹ கூலோம்
அழுத்த மாற்றம் = ஏற்றம் ÷ கொள்ளளவம் = 10⁻⁹ ÷ 10⁻⁶ = 10⁻³ வோல்ற்று = 1 மில்லிவோல்ற்று

எனவே அழுத்தம் −60 மில்லிவோல்ற்றாக இருந்திருப்பின் அடுத்த படியில் அது −59 ஆகும். இப்புதிய அழுத்தத்தில் கால்வாய்களின் திறப்பு சற்று மாறியிருக்கும். ஆகவே அடுத்த படிக்கான மின்னோட்டத்தை மீண்டும் கணிக்க வேண்டும்.

நேரப் படியை 1 மில்லிசெக்கனாகப் பெரிதாக்கினால் வேலை குறையுமல்லவா என நீங்கள் கேட்கலாம். அவ்வாறு செய்தால் அழுத்தம் ஒரே பாய்ச்சலில் 100 மில்லிவோல்ற்றால் மாறிவிடும். இடையில் சோடியம் கால்வாய்கள் மூட ஆரம்பிப்பதைச் செய்நிரல் கவனிக்காது. விடை பிழைக்கும். நேரப் படி சிறிதாகுமளவுக்குத் திருத்தம் கூடும். ஆனால் கணிப்புக்குச் செல்லும் நேரமும் கூடும்.

6. கலத்திலிருந்து முழு இதயம் வரை

மனித இதயத்தில் பில்லியன் கணக்கான தசைக் கலங்கள் உள்ளன. அவை ஒவ்வொன்றையும் தனித்தனியே கணிப்பது பெரும்பாலும் சாத்தியமன்று. எனவே மென்பொருளானது இதயத்தின் வடிவத்தைச் சிறு சிறு துண்டுகளாலான வலையாகப் பிரிக்கின்றது. வலையின் ஒவ்வொரு புள்ளியும் அவ்விடத்திலுள்ள கலக் கூட்டத்தைக் குறிக்கும். ஒவ்வொரு படியிலும் இரு வேலைகள் நிகழும். முதலில் ஒவ்வொரு புள்ளியிலும் அயன் மின்னோட்டங்கள் கணிக்கப்படும். பின் அயற்புள்ளிகளுக்கிடையே உள்ள அழுத்த வித்தியாசத்துக்கேற்ப ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பாயும் மின்னோட்டம் கணிக்கப்படும். மின் அலை பரவுவது இவ்விரண்டாம் வேலையினாலாகும்.

கணிப்பின் அளவை மதிப்பிடுவோம். வலையில் ஒரு மில்லியன் புள்ளிகள் உள்ளன எனவும் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு படியில் 100 எண்கணிதச் செய்கைகள் தேவை எனவும் கொள்க.

ஒரு துடிப்புக்கான படிகள் = 800 ÷ 0.01 = 80 000
மொத்தச் செய்கைகள் = 8 × 10⁴ × 10⁶ × 10² = 8 × 10¹²

செக்கனுக்கு 10⁹ செய்கைகள் செய்யும் முறைவழியாக்கி ஒன்றுக்கு இதற்கு 8000 செக்கன், அதாவது 2 மணித்தியாலத்துக்கும் அதிகமான நேரம் செல்லும். வலையை 100 பகுதிகளாகப் பிரித்து 100 முறைவழியாக்கிகளுக்குச் சமமாகப் பங்கிட்டால் 80 செக்கன் போதுமாகும். உண்மையில் அவை ஒன்றுடன் ஒன்று தரவைப் பரிமாறவும் நேரம் செல்வதால் இதைவிடச் சிறிது கூடுதலாகும். இவ்வாறு பங்கிட்டுச் செய்தல் சமாந்தர முறைவழியாக்கம் எனப்படும். 2012 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் லோரன்ஸ் லிவர்மோர் ஆய்வுகூடமும் ஐ.பீ.எம். நிறுவனமும் இணைந்து, 15 இலட்சத்துக்கும் அதிகமான முறைவழியாக்கிக் கருக்களைக் கொண்ட செக்குவோயா மீக்கணினியில் கார்டியோயிட் எனும் இதய மென்பொருளை இயக்கின.

அலை சுழலும்போது

காய்ந்த புற்றரையில் தீ பரவுவதை எண்ணிப் பாருங்கள். எரிந்து முடிந்த இடத்தில் தீ மீண்டும் பற்றாது. அதனால் தீ முன்னோக்கியே செல்லும். இதயத்தில் மீளத் தூண்டமுடியாக் காலம் செய்யும் வேலையும் இதுவே. ஆனால் எரிந்த புல் விரைவில் மீண்டும் முளைக்கக்கூடியது எனக் கொள்வோம். புற்றரையின் நடுவே ஒரு குளம் இருக்கின்றது. தீ ஒரு பக்கமாகக் குளத்தைச் சுற்றி வரும்போது, புறப்பட்ட இடத்தில் புல் மீண்டும் முளைத்திருந்தால் தீ அணையாது சுற்றிக்கொண்டேயிருக்கும்.

மாரடைப்பின் பின் இதயத் தசையில் ஏற்படும் தழும்பு இக்குளத்தைப் போன்றது. சுற்றுவதற்கு எவ்வளவு நீளமான பாதை வேண்டும் என்பதைக் கணிக்கலாம்.

தேவையான மிகக் குறைந்த பாதை நீளம் = அலையின் கதி × மீளத் தூண்டமுடியாக் காலம்

ஆரோக்கியமான தசையில்: 0.5 மீற்றர்/செக்கன் × 0.3 செக்கன் = 0.15 மீற்றர் = 15 சென்ரிமீற்றர்
தழும்பை அண்டிய தசையில் கதி 0.1 மீற்றர்/செக்கன் ஆகக் குறைந்தால்: 0.1 × 0.3 = 0.03 மீற்றர் = 3 சென்ரிமீற்றர்

15 சென்ரிமீற்றர் நீளமான வளையம் இதயவறையில் அமைவது அரிது. 3 சென்ரிமீற்றர் வளையம் எளிதில் அமையும். அவ்வாறு சுழலும் அலை குடாச்சோணைக் கணுவை முந்திக்கொண்டு இதயத்தை மிக வேகமாகத் துடிக்கச் செய்யும். அலை பலவாகச் சிதறினால் இதயவறைகள் சுருங்காது நடுங்கும். குருதி வெளியேறாது. உடனடியாக மின்னதிர்ச்சி கொடுத்து அலைகளை நிறுத்தாவிடில் மரணம் சம்பவிக்கும்.

7. சில மென்பொருள்கள்

செல்எம்எல் – நியூசிலாந்தின் ஓக்லாந்து பல்கலைக்கழகத்தில் உருவாக்கப்பட்டது. இது மென்பொருளன்று, கல மாதிரியுருக்களை எழுதுவதற்கான குறியிடல் மொழியாகும். எக்ஸ்.எம்.எல். மொழியை அடிப்படையாகக் கொண்டது. ஒரு நாட்டில் எழுதிய மாதிரியுருவை இன்னொரு நாட்டிலுள்ளவர் பிழையின்றி மீள இயக்க இது உதவுகின்றது.

ஓப்பன்கோர் – செல்எம்எல் மொழியில் எழுதிய மாதிரியுருக்களைத் திறந்து இயக்கும் இலவச மென்பொருளாகும். தனிக் கலம் பற்றிய கணிப்புகளுக்குச் சாதாரண மேசைக் கணினியே போதுமானது.

சேஸ்ற் – ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்தில் 2005 ஆம் ஆண்டில் ஆரம்பிக்கப்பட்டது. சீ பிளஸ் பிளஸ் மொழியில் எழுதப்பட்ட திறந்த மூல மென்பொருளாகும். இதயத்துடன் புற்றுநோய்க் கலங்களின் வளர்ச்சியையும் போலச்செய்யும்.

ஓப்பன்கார்ப் – ஜேர்மனி, ஒஸ்திரியா, பிரான்ஸ் முதலிய நாடுகளின் ஆய்வாளர்களால் விருத்தி செய்யப்பட்டு 2020 ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. தனிக் கலம் முதல் முழு இதயம் வரை கணிக்க வல்லது. ஆய்வு, கல்வித் தேவைகளுக்கு இலவசமானது.

மூல நிரல் திறந்திருப்பதன் முக்கியத்துவத்தை இங்கு சிந்திக்க. மனித உயிர் சம்பந்தப்பட்ட கணிப்பொன்றில் பிழை இருந்தால் அதனை வேறொருவர் கண்டுபிடித்துத் திருத்தக்கூடியதாக இருத்தல் வேண்டும்.

8. பயன்கள்

(அ) மருந்துகளின் பாதுகாப்பு

ரேர்பெனடின் என்பது தும்மல், மூக்கால் நீர் வடிதல் போன்ற ஒவ்வாமைகளுக்கு வழங்கப்பட்ட மருந்தாகும். பெரும்பாலானோரின் ஈரல் இதனை விரைவில் வேறு பதார்த்தமாக மாற்றிவிடும். ஆயினும் சில பங்கசு எதிர் மருந்துகளையும் நுண்ணுயிர் எதிர்ப்பிகளையும் சேர்த்து உட்கொண்டவர்களில் அது மாற்றமடையாது குருதியிற் சேர்ந்தது. அவ்வாறு சேர்ந்த மருந்து இதயக் கலங்களின் ஹேர்க் எனப்படும் பொற்றாசியக் கால்வாயை அடைத்தது. கட்டம் 3 இல் பொற்றாசியம் வெளியேறுவது தாமதமாகியதால் தாக்க அழுத்தம் நீண்டது. சிலரில் உயிராபத்தான இதயத் துடிப்புக் குழப்பம் ஏற்பட்டது. அமெரிக்காவில் 1998 ஆம் ஆண்டில் இம்மருந்து சந்தையிலிருந்து அகற்றப்பட்டது. தும்மலுக்காக மருந்து உட்கொண்டவர் இதயக் குழப்பத்தால் இறக்க நேரிட்டது என்பதே இதன் பாரதூரமாகும்.

இதன் பின்னர் புதிய மருந்துகள் ஹேர்க் கால்வாயை அடைக்கின்றனவா எனச் சோதிப்பது வழக்கமாயிற்று. ஆனால் இதிலும் ஒரு சிக்கல் இருந்தது. வெரபமில் எனும் மருந்தும் ஹேர்க் கால்வாயை அடைக்கும். ஆயினும் அது இத்தகைய குழப்பத்தை அரிதாகவே உண்டாக்குகின்றது. ஏனெனில் அது கல்சியம் கால்வாயையும் அடைக்கின்றது. நேரேற்றம் வெளியேறுவது குறையும்போது உட்புகுவதும் குறைவதால் தாக்க அழுத்தம் ஆபத்தாக நீள்வதில்லை. ஆகவே ஒரு கால்வாயை மட்டும் பார்த்து மருந்தைத் தீர்மானித்தால் நல்ல மருந்துகளும் கைவிடப்படலாம். எல்லாக் கால்வாய்களின் விளைவையும் ஒன்றாகக் கூட்டிப் பார்ப்பதற்கு ஏற்ற கருவி கணினி மாதிரியுருவே.

இந்நோக்குடன் 2013 ஆம் ஆண்டில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமும் ஏனைய நிறுவனங்களும் இணைந்து சீபா எனும் திட்டத்தை ஆரம்பித்தன. இதில் 2011 ஆம் ஆண்டில் ஓஹாரா, ரூடி ஆகியோரது குழுவினர் வெளியிட்ட மனித இதயவறைக் கல மாதிரியுரு சில திருத்தங்களுடன் பயன்படுத்தப்பட்டது. 100 இற்கு மேற்பட்ட நோயற்ற மனித இதயங்களிலிருந்து பெற்ற அளவீடுகளைக் கொண்டு அம்மாதிரியுரு அமைக்கப்பட்டிருந்தது. 2017 ஆம் ஆண்டில் ஒக்ஸ்போட் ஆய்வாளர்கள் 62 மருந்துகளைக் கணினியில் சோதித்தபோது, அவற்றின் இதய ஆபத்தை 89 சதவீதத் திருத்தத்துடன் எதிர்வுகூற முடிந்தது. விலங்குகளைக் கொண்டு செய்யும் சோதனைகளைக் குறைப்பதற்கும் இது வழிகாட்டுகின்றது.

(ஆ) சிகிச்சையைத் திட்டமிடல்

சுழலும் அலையை நிறுத்துவதற்கு, மெல்லிய குழாயொன்றை நாளத்தினூடாக இதயத்துக்குச் செலுத்தி, அலை செல்லும் ஒடுங்கிய இடத்தைச் சுட்டு அழிப்பதுண்டு. எவ்விடத்தைச் சுடுவது என்பதே கடினமான வினாவாகும். அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் நட்டாலியா ட்ரயனோவாவின் குழுவினர், நோயாளியின் காந்தப் பரிவுப் படத்திலிருந்து அவருக்கேயுரிய இதய மாதிரியுருவைக் கணினியில் அமைத்து, பல இடங்களில் தூண்டிப் பார்க்கும் முறையை விருத்தி செய்தனர். மாரடைப்புக்குள்ளான 41 நோயாளிகளின் மாதிரியுருக்களைக் கொண்டு, ஆபத்தான துடிப்புக் குழப்பம் எவருக்கு ஏற்படலாம் எனக் கணித்த ஆய்வு 2016 ஆம் ஆண்டில் வெளியானது. 2019 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில், சோணையறை நடுக்கமுள்ள 10 நோயாளிகளுக்குச் சுடவேண்டிய இடங்கள் முதலில் கணினி இதயத்தில் தீர்மானிக்கப்பட்டன.

9. வரையறைகள்

1960 ஆம் ஆண்டில் நோபிள் அமைத்த மாதிரியுருவில் கல்சியம் மின்னோட்டம் இருக்கவில்லை. அது அப்போது கண்டறியப்பட்டிருக்கவில்லை. ஆயினும் அம்மாதிரியுரு உண்மைக் கலத்தைப் போன்றே துடித்தது! இதிலிருந்து நாம் பெறும் பாடம் முக்கியமானது. விடை சரியாகத் தோன்றுவதால் மட்டும் மாதிரியுரு முழுமையானது எனக் கொள்ளலாகாது. 1960களில் கல்சியம் மின்னோட்டம் பரிசோதனைகள் மூலம் கண்டறியப்பட்ட பின் மாதிரியுருக்கள் திருத்தப்பட்டன.

மேலும், மாதிரியுரு அதற்குக் கொடுக்கப்படும் அளவீடுகளை விடத் திருத்தமானதாக இருக்க முடியாது. ஆண், பெண், சிறுவர், முதியோர் ஆகியோரின் இதயக் கலங்கள் ஒரே மாதிரியானவையல்ல. ஒருவரது உடலிலிருந்து எல்லா அளவீடுகளையும் பெறவும் முடியாது. ஆகவே போலச்செய்தலின் முடிவு பரிசோதனையுடன் ஒப்பிட்டுப் பார்க்கப்படல் வேண்டும். இது வாய்ப்புப் பார்த்தல் எனப்படும். ரேர்பெனடினைப் போன்ற மருந்தொன்று மீண்டும் எவருக்கும் தீங்கு செய்யாதிருப்பதற்குக் கணினியும் வேண்டும். அதன் விடையை அப்படியே நம்பிவிடாத மனிதரும் வேண்டும்.

நினைவிற் கொள்க

• தாக்க அழுத்தத்துக்குக் காரணம் சோடியம், கல்சியம், பொற்றாசியம் அயன்களின் அசைவாகும்.
• போலச்செய்தலில் நேரம் சிறு படிகளாகப் பிரிக்கப்பட்டு ஒவ்வொரு படிக்கும் அழுத்தம் கணிக்கப்படுகின்றது.
• மாதிரியுரு வேறு. அதனை இயக்கும் போலச்செய்தல் வேறு.
• பரிசோதனை அளவீடுகள் இன்றி மாதிரியுரு இல்லை.

மாதிரி வினாக்கள்

1. சோணை இதயவறைக் கணுவில் ஏற்படும் தாமதத்தின் பயன் யாது?
2. இதயவறைக் கலத்தின் தாக்க அழுத்தத்தில் கட்டம் 2 நீடிப்பதற்கான காரணத்தைத் தருக.
3. நேரப் படியை 0.02 மில்லிசெக்கனாக மாற்றினால் 800 மில்லிசெக்கன் கொண்ட ஒரு துடிப்புக்குத் தேவையான படிகள் எத்தனை?
4. அலையின் கதி 0.2 மீற்றர்/செக்கன், மீளத் தூண்டமுடியாக் காலம் 0.25 செக்கன் எனின், அலை சுழலுவதற்குத் தேவையான மிகக் குறைந்த பாதை நீளம் யாது?
5. ஹேர்க் கால்வாயை அடைக்கும் இரு மருந்துகளுள் ஒன்று ஆபத்தானதாகவும் மற்றையது ஒப்பீட்டளவில் பாதுகாப்பானதாகவும் இருக்கக் காரணம் யாது?
6. போலச்செய்தலின் ஒரு நன்மையையும் ஒரு வரையறையையும் குறிப்பிடுக.

விடைக் குறிப்புகள்

1. இதயவறைகள் சுருங்குமுன் சோணையறைக் குருதி அவற்றுள் சென்று சேர்தல்.
2. கல்சியம் உட்புகுவதும் பொற்றாசியம் வெளியேறுவதும் ஏறத்தாழச் சமப்படுதல்.
3. 800 ÷ 0.02 = 40 000
4. 0.2 × 0.25 = 0.05 மீற்றர் = 5 சென்ரிமீற்றர். (அலகு எழுதத் தவறவேண்டாம்.)
5. இரண்டாவது மருந்து கல்சியம் கால்வாயையும் அடைப்பதால் தாக்க அழுத்தம் ஆபத்தாக நீளாமை.
6. நன்மை: எவருக்கும் தீங்கின்றி மருந்தையோ சிகிச்சையையோ சோதிக்க முடிதல். வரையறை: மாதிரியுருவின் திருத்தம் உள்ளீட்டு அளவீடுகளில் தங்கியிருத்தல்.